18,000 ரூபா வித்தியாசம்

அன்புள்ள அக்கா,

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குக் கணினி படிக்கத் தெரிவாகியிருக்கிறேன். அம்மா சீட்டு எடுத்து லெப்டொப்புக்குக் காசு வைத்திருக்கிறார். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் ரைசன் 5 புரோசஸர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குலத் திரை. ஒன்று கொழும்பிலுள்ள ஒன்லைன் கடையில் இருக்கிறது: 7520யூ, டிடிஆர்5, 2.8 கிகாஹேர்ட்ஸ், பாரமும் குறைவு. மற்றது ஹட்டன் கடையில்: 7530யூ, டிடிஆர்4, 2.0 கிகாஹேர்ட்ஸ், விலை 18,000 ரூபா கூட. தாளைப் பார்த்தால் மலிவானதுதான் புதியது போலத் தெரிகிறது. "ஒரே சாமானுக்கு எதுக்குக் கூடக் குடுக்கணும்?" என்று அண்ணன் கேட்கிறார். அடுத்த கிழமை வாங்க வேண்டும். கதை எழுதும் உங்களிடம் இதைக் கேட்கலாமா என்றும் தெரியவில்லை.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கச்சி,

தாராளமாகக் கேட்கலாம். தோட்டத்துப் பிள்ளையொன்று கணினி படிக்கப் போகிறது என்று வாசித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, வீட்டிலிருந்த ஒரே போனை அண்ணன் தங்கச்சிகள் மாறி மாறி வைத்துக்கொண்டு, சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய காலத்தைத் தாண்டி வந்தவர் நீங்கள். உங்கள் கையில் சரியான மெஷின் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹட்டன் கடையில் இருப்பதை வாங்குங்கள். காரணங்களைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், வீட்டில் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா?

அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் இவை இரண்டும் ஒரே சாமான் இல்லை. ரைசன் 5 என்பதோடு நிற்காமல் பின்னால் வரும் நான்கு இலக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏஎம்டி கொம்பனி 7000 வரிசைக்கு இலக்கம் வைத்த முறையில், முதல் இலக்கம் வெளிவந்த ஆண்டுக்கானது. உள்ளே இருக்கும் கட்டமைப்பு எந்தத் தலைமுறை என்பதை மூன்றாவது இலக்கம்தான் சொல்கிறது. 7520இல் அந்த இடத்தில் 2 இருக்கிறது, அதாவது 2019இல் வந்த ஸென் 2 என்ற கட்டமைப்பு. 7530இல் 3 இருக்கிறது, 2020இல் வந்த ஸென் 3. புரோசஸருக்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் கோர்கள் முன்னதில் 4, பின்னதில் 6. புரோசஸர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் வேகமான நினைவகமான எல்3 கேஷ் முன்னதில் 4 எம்பி, பின்னதில் 16 எம்பி. ஆக, தாளில் புதியதாகத் தெரிவதன் உள்ளேதான் பழைய தலைமுறை இருக்கிறது.

2.8, 2.0 என்ற எண்களைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். அவை அடிப்படை வேகம். ஒரே அளவு மின்சாரத்தை 6 கோருக்குப் பங்கிட வேண்டியிருப்பதால் அங்கே அந்த எண் குறைவாக இருக்கிறது. வேலை வரும்போது முன்னது 4.3 வரைக்கும் பின்னது 4.5 வரைக்கும் போகும்.

இதைவிடப் பெரிய விஷயம் ரேம். ரேமின் புதிய தலைமுறையான டிடிஆர்5 என்றதும் மயங்கிவிடத்தான் தோன்றும். ஆனால் 7520யூ ஏற்றுக்கொள்வது எல்பிடிடிஆர்5 என்ற வகையை மட்டுமே, அது மதர்போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. இன்றைக்கு 8 ஜிபி என்றால் கடைசிவரைக்கும் 8 ஜிபிதான். அதிலும் ஒரு பகுதியைத் திரைக்கான கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். பாடக் குறிப்பு டைப் பண்ணவும் ஸூமில் வகுப்புக் கேட்கவும் அது போதும். உங்கள் அண்ணனுக்கோ ஒரு முன்பள்ளி டீச்சருக்கோ வாங்குவதென்றால், பாரம் குறைந்த அந்த மலிவானதையே எடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். நீங்கள் படிக்கப் போவது கணினி. போன் செயலி எழுதப் பாவிக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை, கணினிக்குள்ளேயே ஒரு போனைப் போல இயங்கும் எமுலேட்டரோடு இயக்க 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. இரண்டாம் வருடத்தில் அந்தத் தேவை வரும்போது மலிவான மெஷினில் செய்ய ஒன்றுமே இருக்காது, விற்றுவிட்டு வேறு வாங்குவதைத் தவிர.

டிடிஆர்4 பழையதுதான். ஆனால் ஸ்லொட்டில் செருகும் வகையாக இருந்தால் அது உங்கள் பக்கம் நிற்கும். இப்போது 8 ஜிபியோடு தொடங்குங்கள், கை கொஞ்சம் தேறியதும் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம். இரண்டு சேர்ந்தால் கிராபிக்ஸும் வேகமாகும். 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் அவசரப்பட்டு இப்போதே போட வேண்டாம். ஸ்லொட் இருந்தால் விலை இறங்கும்வரை காத்திருக்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 7530யூ போட்ட லெப்டொப்களிலும் சிலவற்றில் ரேம் பற்றவைத்துத்தான் வருகிறது. மொடல் பெயரை நம்ப வேண்டாம், ஒரே பெயரில் பல வகை விற்கிறார்கள். கடையில் மெஷினைப் போடச் சொல்லி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்துங்கள். ஃபோம் ஃபெக்டர் என்ற வரியில் 'சோடிம்' என்றிருந்தால் செருகும் வகை. 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்றிருந்தால் பற்றவைத்தது. பக்கத்திலேயே எத்தனை ஸ்லொட் பாவனையில் இருக்கிறது என்றும் காட்டும். 'இரண்டில் ஒன்று' என்று வந்தால் யோசிக்காமல் எடுங்கள். பற்றவைத்தது என்று தெரிந்தால், அதே மொடலில் 16 ஜிபி உள்ளதற்கு என்ன விலை என்று கேளுங்கள். அப்படி இல்லையென்றால் வாங்காமல் எனக்கு எழுதுங்கள், வேறு பார்ப்போம்.

18,000 ரூபா சின்னக் காசு என்று நான் சொல்ல மாட்டேன். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த 1,350 ரூபா நாள் சம்பளத்தில் அது 13 நாள் உழைப்புக்கு மேல். பின்னர் வந்த உயர்வைச் சேர்த்துப் பார்த்தாலும் பத்து நாளுக்குக் குறையாது. அட்டை கடிக்க மழையில் நின்று கொழுந்து பறித்த நாட்கள். அதனால்தான் நான்கு வருடப் படிப்பின் நடுவில் இன்னொரு லெப்டொப்புக்கு அம்மா இன்னொரு சீட்டுப் பிடிக்கும் நிலை வரக்கூடாது என்கிறேன். இந்தக் காசில் கொஞ்சத்தை வேறு இடத்தில் மிச்சப்படுத்தவும் முடியும். கொழும்பு விலையைப் போனில் காட்டி ஹட்டனில் பேரம் பேசுங்கள். எண்டிவைரஸ் தனியாக வாங்க வேண்டாம், விண்டோஸோடு வருவதே போதும். ஒஃபிஸுக்குப் பதில் லிப்ரேஒஃபிஸ் இலவசம். மெஷினோடு விண்டோஸ் முறையாக வருகிறதா, இல்லை விண்டோஸ் இல்லாமல் டொஸ் மட்டுமா என்றும் கேளுங்கள். இரண்டு விலையையும் ஒப்பிடும்போது அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

திரையை ஒருதரம் சோதித்துவிடுங்கள். ஒரு போட்டோவைத் திறந்து, பக்கவாட்டிலும் மேலிருந்தும் பாருங்கள். நிறம் கறுத்தோ வெளுத்தோ தலைகீழாகவோ தெரிந்தால் அது டிஎன் திரை. ஐபிஎஸ் திரையில் அப்படி ஆகாது. லயத்து அறையில் ஒரு லெப்டொப்பைச் சுற்றி நான்கு பேர் உட்கார்வீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

கொழும்பா ஹட்டனா என்பதற்கும் பதில் சொல்கிறேன். பழுது வந்தால் மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஒரு முழு நாள் போய்விடும், பஸ் காசும் போகும். ஹட்டன் என்றால் காலையில் கொடுத்துவிட்டு வரலாம். ஆனால் அந்தக் கடையின் வொரண்டி இறக்குமதி செய்த கொம்பனியுடையதா, கடையுடையது மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொம்பனியுடையது என்றால் கடை நாளை மூடினாலும் உங்களுக்குப் போக ஓர் இடம் இருக்கும். பல பில்களில் சிறிய எழுத்தில் ஒரு வருடம் என்பது 350 நாட்கள் என்று அடித்திருப்பார்கள், அதையும் வாசியுங்கள்.

அதே சிறிய எழுத்தில் மின்னலாலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தாலும் வரும் சேதத்துக்கு வொரண்டி இல்லை என்றும் இருக்கும். மலையகத்தில் அது நமக்காகவே எழுதியது போல இருக்கிறது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி தொடங்கிவிடும். பின்னேரம் லயம் முழுக்க அடுப்பு எரியும் நேரத்தில் கரண்ட் மங்குவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அடப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அடித்திருப்பார்கள், குறைந்த கரண்டை அது தாங்கிக்கொள்ளும். கெடுப்பது திடீரென்று ஏறுவதுதான், முக்கியமாகப் போன கரண்ட் திரும்பி வரும் அந்த நொடியில். வானம் இருண்டதும் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பெட்டரி இருக்கிறதே, படிப்பு நிற்காது. பனியில் நனைந்து வந்தால், பையை வீட்டுச் சூட்டுக்குள் அரை மணித்தியாலம் வைத்துவிட்டு அப்புறம் மெஷினைப் போடுங்கள், உள்ளே ஈரம் படிந்திருக்கலாம்.

காசு கொடுக்கும்போது அண்ணனையும் கூட்டிப் போங்கள். ஃபோம் ஃபெக்டர் வரியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். பில்லில் மொடல் இலக்கத்தையும் சீரியல் இலக்கத்தையும் எழுத வையுங்கள், பெட்டியை வருடம் முடியும்வரை வைத்திருங்கள். கடையில் ஏதாவது சந்தேகம் வந்தால் அங்கிருந்தே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், உடனே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா