வாங்கியது உங்களுடையதா? ஸ்மார்ட் வீடு: கேள்வி – பதில்

போன முறை நோட்-ரெட் பற்றி நாலு வரி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தெரியாதவர்களுக்காக: திரையில் பெட்டிகளை இழுத்துப் போட்டு, கோடு இழுத்துச் சேர்த்து, 'இது நடந்தால் அதைச் செய்' என்று வீட்டுச் சுவிட்சுகளுக்குச் சொல்லிவைக்க உதவும் மென்பொருள் அது. 2013இல் ஐபிஎம்மில் உருவானது. வீட்டு ஸ்மார்ட் கருவிகளையெல்லாம் ஒரே இடத்திலிருந்து இயக்க, நம் வீட்டுக் கணினியிலேயே ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளோடு சேர்த்துத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள்.

ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டிக் கொடுத்தவர் 'நோட்-ரெட் லைசென்ஸ்' என்று வருடம் 6,500 ரூபாய் வாங்கினார். இந்த வருடம் தரவில்லை என்றதும் எல்லாம் நின்றுவிட்டது. பாஸ்வேர்டு கேட்டால் தர மறுக்கிறார். பில்லும் கிடையாது. – ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

அம்மா, நோட்-ரெட்டுக்கு லைசென்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஹோம் அசிஸ்டன்ட்டுக்கும் இல்லை. இரண்டுமே அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருபவை, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். வந்து மாட்டியதற்குக் கூலி கேட்டால் நியாயம். இல்லாத லைசென்ஸுக்குப் பணம் வாங்குவது ஏமாற்று. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: ஹோம் அசிஸ்டன்ட்டின் ஓனர் கணக்கு, பேக்கப் கோப்பும் அதைத் திறக்கும் சாவியும், நோட்-ரெட் ஃப்ளோக்களின் (பெட்டிகளைக் கோடு இழுத்துச் சேர்த்த அந்த வரைபடங்கள்தான் ஃப்ளோ) எக்ஸ்போர்ட், இதுவரை கொடுத்த பணத்துக்குப் பில். ஒரு வாரம் பொறுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு. பில் தராததும் முறையற்ற வணிகம்தான். அதற்கும் மசியவில்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஜிபேயில் அனுப்பிய ரசீதுகளை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஒருவேளை அவர் கடைசிவரை தரவில்லை என்றாலும், தெரிந்த பையன் ஒருவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவித் தர முடியும். சுவிட்சுகள் உங்களுடையவை.

ஹோம் அசிஸ்டன்ட்டும் நோட்-ரெட்டும் ஓட்ட, ராஸ்பெரி பை 5 என்ற கையளவுக் கணினியை 16 ஜிபியில் வாங்கலாமா? – கோவை

வேண்டாம், 4 ஜிபி போதும். பழைய லேப்டாப் சும்மா கிடந்தால் அதுவே போதும். மிச்சக் காசில் எஸ்எஸ்டி வாங்குங்கள். நான் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு மெமரி கார்டில் ஓட்டினேன். பதினோராம் மாதம் அது போனது, பேக்கப் எடுக்காத அத்தனை ஃப்ளோக்களும் கூடவே போயின.

ஸ்மார்ட் பிளக்கில் கீசர் போட்டேன், இரண்டே மாதத்தில் உருகிவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். வழக்குப் போடலாமா? – திருச்சி

நீங்கள் அனுப்பிய படத்திலேயே பிளக்கின் முதுகில் 10 ஆம்பியர் என்று இருக்கிறது. உங்கள் கீசர் 3,000 வாட். 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 13 ஆம்பியர் வருகிறது. கீசரின் தடித்த மூன்று முள் அந்தப் பிளக்குக்குள் போகாது என்று தெரிந்தும், நடுவே கன்வெர்ஷன் பிளக் போட்டுச் செருகியிருக்கிறீர்கள். வழக்குப் போட்டால் தோற்பீர்கள், கடைக்காரர் சொல்வதுதான் சரி. முதலில் எலக்ட்ரீஷியனை வரவழைத்துச் சுவரில் இருக்கும் சாக்கெட்டைப் பாருங்கள். அதுவும் கருகியிருக்கும்.

12 வைஃபை சுவிட்ச் வாங்கினேன். கம்பெனி ஆப்பையே நிறுத்திவிட்டது. நோட்-ரெட் போட்டால் உயிர் வருமா? – மதுரை

உள்ளே என்ன சிப் என்பதைப் பொறுத்தது. மெயினை அணைத்துவிட்டு, தெரிந்தவரை வைத்து ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். ஈஎஸ்பி8266 என்றால் டாஸ்மோட்டா மென்பொருளை ஏற்றலாம். அப்புறம் கம்பெனி தேவையில்லை, நோட்-ரெட் நேரடியாகப் பேசும். வேறு சிப் என்றால் அதற்கு வழி இருக்கிறதா என்று அவரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆப் நின்ற நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், போங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. எங்கள் வீட்டு ரேழியில் ஒரு அசைவு சென்சாரும் ஒரு பல்பும் மாட்டியிருந்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இருக்காது. ஒரு மழை இரவில் தெருவில் கேபிள் அறுந்து இணையம் போய்விட்டது. இரண்டு மணிக்கு எழுந்த அம்மா, விளக்கு எரியும் என்று நம்பி நடந்து, சுவரைத் தடவிக்கொண்டு இருட்டில் நின்றிருந்தார். கரண்ட் இருந்தது, பல்பும் நன்றாக இருந்தது. ஆனால் 'ஆள் வருகிறார்' என்ற செய்தி எங்கோ இருக்கும் கம்பெனி சர்வருக்குப் போய்த் திரும்பினால்தான் பக்கத்திலிருக்கும் பல்பு எரியுமாம்! அட்டைப்பெட்டியில் எந்த மூலையிலும் அது எழுதியிருக்கவில்லை.

இது ஏதோ ஒரு சின்னக் கம்பெனியின் கதை இல்லை. அமெரிக்காவில் ரிவால்வ் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கருவியின் சேவையை 2016இல் நிறுத்தினார்கள், முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் கையில் வெறும் டப்பாதான் மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்தன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று தயாரிப்பாளர் சொல்லியே ஆக வேண்டும். இங்கேயும் எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே இரண்டு வரி அச்சடிக்க வேண்டும்: இணையம் இல்லாமல் வேலை செய்யுமா, சர்வரை எத்தனை வருடம் ஓட்டுவீர்கள்? அது வரும்வரை கடையில் நாம்தான் கேட்க வேண்டும். "ரவுட்டரிலிருந்து இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டால், வெறும் வைஃபையில் இது ஓடுமா?" ஆமாம் என்று எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.

மோட்டாரை 20 நிமிடத்தில் நிறுத்த ஃப்ளோ போட்டேன். ஒரு நாள் நிற்கவில்லை, டேங்க் வழிந்து கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். சுவிட்சைத் திருப்பி அனுப்பவா? – தாம்பரம்

அந்த 20 நிமிடத்துக்குள் நோட்-ரெட்டில் வேறு எதையோ திருத்தி, திருத்தத்தை அமலாக்கும் டிப்ளாய் பட்டனை அழுத்தினீர்களா? அப்படியென்றால் சுவிட்ச் மேல் குற்றமில்லை. டிப்ளாய் பட்டன் வழக்கமாக 'ஃபுல்' என்ற நிலையில் இருக்கும். அழுத்தினால் எல்லா ஃப்ளோவும் முதலிலிருந்து தொடங்கும், ஓடிக்கொண்டிருந்த டைமர் காணாமல் போகும். பட்டனுக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியைத் தொட்டு 'மாடிஃபைட் நோட்ஸ்' என்று மாற்றுங்கள். அதைவிட முக்கியம், ஆஃப் டைமரைச் சுவிட்சுக்குள்ளேயே வையுங்கள். ஷெல்லி கம்பெனி சுவிட்ச் என்றால் அதில் ஆட்டோ ஆஃப், டாஸ்மோட்டா ஏற்றியதென்றால் பல்ஸ்டைம் என்று இருக்கும். கணினி தூங்கினாலும் மோட்டார் நிற்கும். டேங்கில் ஃப்ளோட் சுவிட்சும் இருக்கட்டும்.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் நோட்-ரெட்டின் 1880 போர்ட்டை (இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவிட்டேன். பாஸ்வேர்டு வைக்கவில்லை. பரவாயில்லையா? – ஓசூர்

இந்த வரியைப் படித்ததும் போய் மூடுங்கள். நோட்-ரெட்டை நீங்களாக நிறுவினால் பாஸ்வேர்டு இல்லாமல்தான் வரும், பூட்டு நாம்தான் போட வேண்டும். உள்ளே நுழைந்தவர் விளக்கை மட்டுமல்ல, உங்கள் கணினியையே ஆட்டிவைக்கலாம். டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு என்ற விபிஎன் (உங்கள் கருவிகளுக்கு மட்டுமான பூட்டிய இணையப் பாதை) போட்டு அதன் வழியாக மட்டும் பாருங்கள்.

ஜிக்பீ (வைஃபை போல இன்னொரு கம்பியில்லாத் தொடர்பு) சென்சார்கள் அடிக்கடி தொடர்பு விட்டுப் போகின்றன. அவற்றோடு பேசக் கணினியில் செருகும் டாங்கிளை விலை கூடினதாக வாங்கவா? – சேலம்

இப்போதைக்கு வேண்டாம். நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகியிருப்பீர்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும், ஜிக்பீயும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. கறுப்பு யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றி, ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.