உடலில் சுரக்கும் ஹார்மோனை ஊசியாகப் போட்டால் சோதனையில் தெரியுமா?

கேள்வி: எனக்கு வயது 24. பளுதூக்கும் போட்டிகளுக்குத் தயாராகிறேன். என்னுடன் பயிற்சி செய்யும் நண்பர் சில மாதங்களாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார். "உடம்பில் தானாகச் சுரப்பதுதானே, சோதனையில் பிடிபடாது, பக்கவிளைவும் இல்லை" என்கிறார். ஆனால் விரைகள் சிறுத்துவிட்டதாகவும் அவரே சொல்கிறார். நானும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். விரைகள் சிறுத்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் இரண்டு சந்தேகங்களுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

ஆரோக்கியமான ஆணின் விரைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கின்றன. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச் என்ற ஹார்மோனை அனுப்பித் தூண்டினால்தான் இந்த வேலை நடக்கும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடிவிட்டால் தூண்டுதல் குறைந்துவிடும். அது உள்ளே சுரந்ததா, ஊசியில் வந்ததா என்று மூளை பிரித்துப் பார்ப்பதில்லை. அதிக அளவில் ஊசி போடப் போட, எல்ஹெச், விந்தணு உருவாகத் தூண்டும் மற்றொரு பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்எஸ்ஹெச் இரண்டும் கிட்டத்தட்ட நின்றே போகும். விரைகள் சுருங்குவது அதனால்தான்.

விந்தணு உருவாக, விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக இருக்க வேண்டும். ஊசி மருந்து ரத்தத்தில் அளவை ஏற்றுமே தவிர, அந்த அடர்த்தியைத் தராது. தோளும் மார்பும் திரண்ட ஓர் இளைஞரின் விந்துப் பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லாமல் போவது இப்படித்தான். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியிடம் அந்த ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வது எந்த மருத்துவருக்கும் வேதனையான வேலை. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு உற்பத்தி திரும்பிவிடும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும். இதற்கிடையே ரத்தம் கெட்டியாவது, நல்ல கொழுப்பு குறைவது, மார்பகம் பெருப்பது எல்லாம் உண்டு.

அடுத்தது சோதனை. விரைகள் டெஸ்டோஸ்டிரோனோடு எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற பொருளையும் சுரக்கின்றன. பெரும்பாலான ஆண்களின் சிறுநீரில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும். ஊசி போட்டவருக்கு முதலாவது ஏறும்; விரைகள் முடங்கிவிட்டதால் இரண்டாவது இறங்கும். விகிதம் 4-ஐத் தாண்டினால் ஆய்வகம் மேற்கொண்டு ஆராயும். உங்கள் நண்பரின் விரைகளைச் சுருக்கிய அதே முடக்கம்தான் சிறுநீரில் அவரைக் காட்டிக்கொடுக்கும்.

மரபணு அமைப்பால் சிலருக்கு இந்த விகிதம் பிறவியிலேயே மிகக் குறைவு. ஊசி போட்டாலும் அது 4-ஐத் தொடாமல் போகலாம். அதனால்தான் 2014 முதல் ஒவ்வொரு வீரரின் சிறுநீரில் உள்ள டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்களின் அளவுகளையும் தொடர்ந்து பதிவு செய்து, அவருடைய பழைய அளவுகளோடே ஒப்பிடுகிறார்கள்.

சந்தேகம் வந்தால் கார்பனைப் பார்ப்பார்கள். இந்தச் சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். மருந்துத் தொழிற்சாலைகள் டெஸ்டோஸ்டிரோனைப் பெரும்பாலும் சோயா போன்ற தாவரங்களின் கொழுப்புப் பொருளிலிருந்து தயாரிக்கின்றன. அதில் கார்பன்-13 என்ற கனமான கார்பனின் பங்கு, நம் உடல் தயாரிப்பதில் இருப்பதைவிடப் பொதுவாகச் சற்றுக் குறைவு. மூலக்கூறு ஒன்றேதான் என்றாலும், அது எங்கே உருவானது என்பதை அந்தச் சிறு வித்தியாசம் சொல்லிவிடும்.

ஸ்டானசோலால் போன்ற செயற்கை ஸ்டீராய்டுகளுக்கு இத்தனை சுற்றும் தேவையில்லை. உடலில் சுரக்காத பொருள் சிறுநீரில் இருந்தாலே போதும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடா ஓட்டப்பந்தய வீரர் பென் ஜான்சன் 100 மீட்டர் தங்கத்தை இழந்தது அதனால்தான்.

நண்பரை ஹார்மோன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காலை நேரத்தில் எடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் பார்க்க வேண்டும். விந்துப் பரிசோதனையும் வேண்டும். என்ன ஊசி, எத்தனை மாதம் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஊசியை நிறுத்தியதும் சோர்வும் மனச்சோர்வும் வரக்கூடும். அந்த நாட்களில் தனியாக விடாதீர்கள். "உற்பத்தியைத் திரும்பக் கொண்டுவரும்" என்று பயிற்சிக் கூடங்களில் கைமாறும் க்ளோமிஃபீன் மாத்திரையை அவராகவே சாப்பிட வேண்டாம். வீரர்களுக்கு அதுவும் தடை செய்யப்பட்ட மருந்துதான்.