கருத்தரங்கில் யார் பேசுவது என்பதைப் பார்வையாளர்களே வாக்களித்து முடிவு செய்யலாமா?

வாக்குக் கேட்கலாம், ஆனால் வாக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மென்பொருள் கருத்தரங்குகளில் பேசுவதற்கு முன்மொழிவு அனுப்பியும், ஒருமுறை தேர்வுக் குழுவில் இருந்தும் பெற்ற அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

நான் குழுவில் இருந்த ஆண்டில் முன்மொழிவுகள் அனைத்தும் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டன. யார் வேண்டுமானாலும் வாக்களிக்கலாம், அந்த வரிசையே முடிவு என்பது விதி. காலையில் 11 வாக்குகளோடு இருந்த ஒரு முன்மொழிவு மாலைக்குள் 90-ஐத் தாண்டியது. "நம்ம பையன், எல்லாரும் ஒரு ஓட்டு போட்டுருங்க" என்று அவருடைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் பகிர்ந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதில் தவறான செயல் எதுவும் இல்லை; விதி அதற்கு இடம் கொடுத்தது. அதே பட்டியலின் கடைசிப் பக்கத்தில், தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய இரவில் எந்தக் கட்டளை எந்த நேரத்தில் தவறியது, எப்படி மீட்டார்கள் என்று வரிவரியாக எழுதியிருந்த ஒரு பெண்ணின் முன்மொழிவுக்கு 4 வாக்குகளே விழுந்தன. மேடைக்குப் புதியவர், சிறிய நிறுவனத்தில் பணிபுரிந்தவர். அவரைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு வழியில்லை. அடுத்த ஆண்டு அவர் அனுப்பவும் இல்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பெரிய நிகழ்வுகள் பலவும் வாக்கை ஓர் அளவுகோலாக மட்டுமே வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் என்ற இசை, திரைப்பட, தொழில்நுட்ப விழாவில், அமர்வுகளைத் தேர்ந்தெடுக்கும் 'பேனல்பிக்கர்' முறையில் பொதுமக்களின் வாக்குக்கு 30 விழுக்காடும், ஆலோசனைக் குழுவுக்கு 40 விழுக்காடும், அமைப்பாளர்களுக்கு 30 விழுக்காடும் எனப் பல ஆண்டுகள் பங்கிட்டிருந்தார்கள். பைத்தான் நிரல்மொழிக்கான ஐரோப்பியக் கருத்தரங்கான யூரோபைத்தானில் வாக்குரிமை பெரும்பாலும் நுழைவுச்சீட்டு எடுத்தவர்களுக்கே உரியது என்பதால், வெளியாட்களைத் திரட்டிக்கொண்டு வருவது கடினம். அதன் பிறகும் இறுதி முடிவு நிகழ்ச்சிக் குழுவினுடையதே. அதே மொழிக்கான இந்தியக் கருத்தரங்கும் 2019-இல் சென்னைக்கு வந்ததுமான பைக்கான் இந்தியாவின் முன்மொழிவுப் பக்கத்தில் வாக்கோடு கருத்துரையும் எழுத முடிந்தது; "உங்கள் எடுத்துக்காட்டில் தரவு எவ்வளவு பெரியது?" என்று ஒருவர் கேட்கும் கேள்வி ஐம்பது வாக்குகளைவிடக் குழுவுக்குப் பயன்படும் என்பது என் எண்ணம்.

முன்மொழிந்தவரின் பெயரை மறைப்பதும் முக்கியம். பெர்லினில் நடந்த, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிக்கான ஜேஎஸ்கான்ஃப் ஐரோப்பா கருத்தரங்கில் 2012-இல் முதற்கட்டத் தேர்வைப் பெயர் காட்டாமல் நடத்தினார்கள். பெண்களைத் தேடிச் சென்று முன்மொழிவு அனுப்பச் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்து, பேச்சாளர்களில் நான்கில் ஒரு பங்கினர் பெண்களாக அமைந்தனர்.

ஆகவே நீங்கள் அமைப்பாளராக இருந்தால், வாக்கெடுப்பு முடியும்வரை எண்ணிக்கையைக் காட்டாதீர்கள்; முதல் பக்கத்தில் இருப்பவற்றுக்கே வாக்குகள் குவியும் என்பதால், ஒவ்வொருவருக்கும் பட்டியலை வெவ்வேறு வரிசையில் காட்டுங்கள். தேர்வு முடிந்த பிறகும் அந்த வாக்குகளை வீணாக்க வேண்டியதில்லை: எந்த அமர்வுக்குப் பெரிய அரங்கு தேவை, எந்த இரண்டு அமர்வுகளை ஒரே நேரத்தில் வைக்கக் கூடாது என்பதை அவற்றைப் போல வேறெதுவும் தெளிவாகச் சொல்லாது.