தீபாவளி ஞாயித்துக்கிழமையா?

அன்புள்ள சார்,

எங்க ஆபீஸ்ல புது காலண்டர் வந்த உடனே அன்னிக்கு வேலை அவ்ளோதான். எந்த பண்டிகை ஞாயித்துக்கிழமைல போய் விழுந்திருக்குன்னு பாத்து ஒப்பாரி வைக்கிறோம். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. சீனியர் ஒருத்தர் அத பாத்துட்டு மதியம் டிபன் பாக்ஸையே திறக்கல. வீட்டுக்கு வந்தா என் மாமனாரும் அதே காலண்டர புரட்டிட்டு இருக்கார். ரிட்டயர் ஆனவருக்கு எதுக்கு சார் லீவு கணக்கு?

ஒரு வாசகி, ஆவடி

வணக்கம்மா,

டிபன் பாக்ஸ் திறக்காத அந்த மனுஷன் மேல எனக்கு பெரிய மரியாதையே வந்துடுச்சு. ஆனா 2025ல நாங்க பட்டது அதவிட மோசம்மா, அக்டோபர் 1 ஆயுத பூஜை, சரி, மறுநாள் பாத்தா விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாள்ல, ரெண்டு லீவு ஒண்ணா சுருங்கிப் போச்சு. எங்க அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல ஒருத்தர் "காந்திய ஒண்ணும் சொல்ல முடியாது, அவர் தேதி மாறாது, பஞ்சாங்கக்காரங்கதான் கொஞ்சம் அனுசரிச்சு போட்டிருக்கலாம்"னு ரொம்ப சீரியஸா சொன்னார். யாரும் சிரிக்கல, எல்லாரும் தலைய ஆட்டினோம்.

2024 மாதிரி வருமா. தீபாவளி வியாழக்கிழமை, கவர்மெண்ட் வெள்ளிக்கிழமையும் லீவு விட்டுச்சு, சனி ஞாயிறு சேத்து நாலு நாள். பதிலுக்கு வேற ஒரு சனிக்கிழமை வேலைக்கு வரணும்னு அதே அறிவிப்புல கீழ இருந்தது, அந்த வரி மட்டும் யார் கண்ணுலயும் படல.

ஆயுத பூஜைன்னதும் ஞாபகம் வருது. ஒரு தடவ எங்க ஆபீஸ் ப்ரிண்டருக்கு பேப்பர் வர்ற வாயிலயே சந்தனம் குங்குமம் வச்சுட்டாங்க, அது காயறதுக்குள்ள மேனேஜர் அவசரமா ஒரு லெட்டர் ப்ரிண்ட் குடுத்துட்டார், வந்த பேப்பர்ல கரெக்டா அவர் கையெழுத்து போடற இடத்துல செக்கச்செவேல்னு ஒரு தீத்தல். வேற வழியில்லாம அப்படியே ஆடிட்டுக்கு போச்சு. ஒரு கேள்வி கூட இல்லாம திரும்பி வந்த ஒரே லெட்டர் அதுதான். கீபோர்டுக்குள்ள போன பொரி மட்டும் இன்னும் வரல.

என்னை கேட்டா லீவ விட லீவு கணக்குதாம்மா சுகம். லீவு வந்தா ஒட்டடை அடிக்கணும், தேங்கா துருவணும், பரண்ல ஏறணும், கணக்கு போடறப்போ அதெல்லாம் எதுவும் கிடையாது.

உங்க மாமனார் விஷயத்துக்கு வரேன். எங்கப்பாவும் ரிட்டயர்டுதான், எங்க லீவுக்கெல்லாம் அவர்தான் டைரக்டர். ஊர்ல உக்காந்துட்டு நாங்க எப்ப கிளம்பணும், எந்த வண்டின்னு முடிவு பண்ணுவார். முன்னாடி 120 நாளுக்கு முன்னயே ரயில் டிக்கெட் போடலாம்னு இருந்தது, 2024 நவம்பர்லேந்து அத 60 ஆக்கிட்டாங்க இல்லையா, அன்னிக்கு பாதி வேலை போன மாதிரி முகம் தொங்கிப் போச்சு மனுஷனுக்கு. இப்பவும் டிக்கெட் திறக்கற அன்னிக்கு எட்டு மணிக்கு பத்து நிமிஷம் இருக்கறப்போ போன் வரும், "உக்காந்துட்டியா? பல்லு அப்புறம் தேய்ச்சுக்கலாம்"பார். எட்டு அஞ்சுக்கு வெயிட்டிங் லிஸ்ட்னு சொன்னா பேச்சே இருக்காது, போன் அம்மா கைக்கு போயிடும். அப்புறமென்ன, கிளாம்பாக்கம் போய் பஸ்ஸுக்கு நிக்கறது, திரும்பி வர்றப்போ பரனூர் டோல்கேட்ல தூங்கறதுன்னு எல்லாருக்கும் நடக்கறதுதான் நமக்கும்.

அந்த சீனியர்கிட்ட சொல்லுங்க, நவம்பர் 9 திங்கக்கிழமைக்கு இப்பவே லீவு லெட்டர் எழுதி நீட்டிடணும், ஏன்னா ஆபீஸே அதுக்குத்தான் அடிச்சுக்கும். வெள்ளிக்கிழமை 6ம் தேதி ராத்திரி வண்டிக்கு டிக்கெட் செப்டம்பர் 7 காலைல திறக்கும். உங்க மாமனார் அத காலண்டர்ல ஏற்கனவே வட்டம் போட்டு வச்சிருப்பார், வேணும்னா புரட்டி பாருங்க.