வழிகாட்டி சொல்லும் கதையை வைத்து விசுவாசப் பாடம் எடுக்கலாமா?

சபை வாலிபர்களோடு இஸ்ரேலும் துருக்கியும் போகிறீர்கள், இடத்துக்கு ஒரு தியானம் நடத்துவது உங்கள் பொறுப்பு, வழிகாட்டிகள் சொல்வதை அப்படியே எடுத்துப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விசாரிக்காமல் எடுக்காதீர்கள். நீங்களே மேடைப் பேச்சுக்குப் புதியவராக இருப்பீர்கள், கையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கதை பெரிய உதவியாகத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் அக்கா மகனிடமிருந்து தொடங்குகிறேன். ஒரு வாலிபர் முகாமில், எருசலேமில் 'ஊசியின் காது' என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கி முழங்கால் போட்டால்தான் அதில் நுழைய முடியும் என்று ஒருவர் பிரசங்கித்தார். பிள்ளை அதை நோட்டில் படம் போட்டே வைத்திருந்தான். கல்லூரிக்குப் போன பிறகு தேடிப் பார்த்திருக்கிறான். இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குத் தடயமே இல்லை. இடைக்காலத்தில் கிளம்பிய விளக்கம் அது. "இதுவே பொய்யென்றால் மற்றதை எப்படி மாமா நம்புவது?" என்று கேட்டான். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிவதில்லை.

ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற வசனத்தையும் அந்தக் கதை கெடுக்கிறது. மாற்கு 10-ல் சீஷர்கள் ஆச்சரியப்பட்டு, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படுவார் என்கிறார்கள். மனுஷரால் இது கூடாதது, தேவனால் கூடும் என்று ஆண்டவர் பதில் சொல்கிறார். சுமையை இறக்கினால் நுழைந்துவிடலாம் என்றால் அந்தக் கேள்விக்கும் வேலையில்லை, பதிலுக்கும் வேலையில்லை.

இப்போது பெத்லகேம். பிறப்பு ஆலயத்துக்குள் போகும் வாசல் ஏறக்குறைய நான்கு அடி உயரம். குனியாமல் யாரும் உள்ளே போக முடியாது. எங்கள் வழிகாட்டி, ராஜாக்களும் தலை வணங்க வேண்டும் என்பதற்காகவே இப்படிக் கட்டினார்கள் என்றார். கூட்டத்தில் பலருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தச் சின்ன வாசலுக்கு மேலே சிலுவைப்போர் காலத்துக் கூர்வளைவு தெரிகிறது. அதற்கும் மேலே, 6-ம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டீனியன் கட்டிய பெரிய வாசலின் உத்தரக்கல். ஒரே வாசலைக் காலத்துக்குக் காலம் கல் வைத்து அடைத்து அடைத்துச் சுருக்கியிருக்கிறார்கள். குதிரையோடும் வண்டியோடும் ஆட்கள் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த காரியம்.

அன்று இரவு சாட்சி நேரத்தில் இதைச் சொன்னேன். குழுவில் மூத்தவர் ஒருவர், "தம்பி, வந்த இடத்தில் விசுவாசத்தைக் குலைக்காதீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு வருத்தம்தான், இன்றும் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கல்லூரிப் பெண் வந்து, "அப்போ அந்த வாசலில் கத்துக்க ஒண்ணும் இல்லையா அண்ணா?" என்று கேட்டாள். நிறைய இருக்கிறது என்றேன். ஆராதனை நிற்காமல் இருக்கத் தங்கள் வாசலின் அழகைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் கோட்டைச் சுவரில் ஒரு பொந்து மாதிரி. உள்ளே இன்றும் ஜெபம் நடக்கிறது. பெருமையை விட்டுக்கொடுத்து ஆராதனையைக் காத்தவர்கள் என்று சொன்னால், அதுவும் தாழ்மைப் பாடம்தானே? அவள் மறுநாள் காலைத் தியானத்தில் இதையேதான் பேசினாள்.

இதைப் படித்துவிட்டு, இவன் நவீனவாதி, வேதத்தைக் கேள்வி கேட்கிறான் என்று கருத்துப் போடுபவர்கள் வருவார்கள். வேதத்தை நான் கேள்வி கேட்கவில்லை. வேதத்தில் இல்லாத கதையை அதன் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள் என்கிறேன். எல்லா வழிகாட்டிகளும் அப்படி என்றும் சொல்லவில்லை. கெத்செமனேயில் ஒருவர், இந்த ஒலிவ மரங்களில் சோதித்துப் பார்த்த மூன்றின் அடிமரம் 12-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கி.பி. 70-ல் எருசலேம் முற்றுகையின்போது ரோமர்கள் நகரத்தைச் சுற்றியிருந்த மரங்களை வெட்டிவிட்டார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் சொன்னதால் அங்கே யாருடைய ஜெபமும் குறைந்துபோகவில்லை.

துருக்கியில் லவோதிக்கேயாவுக்குக் கண்டிப்பாக நல்ல நேரம் கொடுங்கள்; வெளிப்படுத்தின விசேஷம் 3-ல் ஆண்டவர் கடிந்துகொள்ளும் சபை இருந்த பழைய ஊர் அது. "குளிருமல்ல அனலுமல்ல" என்ற வசனத்துக்கு, அனல் என்றால் வைராக்கியம், குளிர் என்றால் பின்மாற்றம் என்றே கேட்டு வளர்ந்திருப்போம். அப்படியானால் குளிராய் இருந்தாலும் நலம் என்று ஆண்டவர் ஏன் சொன்னார்? அங்கே நின்றால் புரியும். வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் எராப்போலி, இன்றைய பமுக்கலே; வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர். கிழக்கே மலையடிவாரத்தில் கொலோசே, குளிர்ந்த நீரோடை. வெந்நீர் வலிக்கு, குளிர்ந்த நீர் தாகத்துக்கு. இரண்டுமே பயன்படும். வெதுவெதுப்பான தண்ணீர்தான் எதற்கும் உதவாது. லவோதிக்கேயாவுக்கோ தூரத்திலிருந்து குழாயில் தண்ணீர் வரவேண்டும். அந்தக் குழாய்கள் இன்றும் கிடக்கின்றன. உள்ளே கை விட்டால் சுண்ணாம்பு கல்லாகப் படிந்து, துவாரம் பாதியாகச் சுருங்கியிருப்பது தட்டுப்படும். கி.பி. 60-ல் நிலநடுக்கம் வந்து இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமல் சொந்தப் பணத்திலேயே எழுந்த ஊர் அது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொன்ன சபை இருந்த ஊர். இதற்கு மேல் கட்டுக்கதை எதற்கு?

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன பயண ஏற்பாட்டாளர் ஒலிவ மரப் பொம்மைக் கடையில் எங்களை இறக்கிவிட்டு மணிக்கணக்கில் உட்கார வைத்தார். பிறவிக் குருடன் கழுவிப் பார்வையடைந்த சீலோவாம் குளத்துக்கு, நேரமாகிவிட்டது, பேருந்திலிருந்தே அந்தத் திசையைப் பாருங்கள் என்றார். வயதானவர்கள் எவ்வளவோ நாள் பணம் சேர்த்து வருகிறார்கள். அவர்களைக் கடைக்கு ஆள்பிடித்துக் கொடுப்பது அநியாயம். இதைப் பற்றிச் சபைகளில் ஒருவரும் பேசுவதில்லை.

அந்தக் குளத்தை நீங்கள் விடாதீர்கள். நூற்றாண்டுக் கணக்கில் பயணிகள் எசேக்கியா ராஜாவின் தண்ணீர்ச் சுரங்க வாயிலில் இருக்கும் பிற்காலத்துக் குளத்தையே பார்த்துவிட்டு வந்தார்கள். 2004-ல் கழிவுநீர்க் குழாய் வேலைக்குத் தோண்டியபோதுதான் இயேசுவின் காலத்துக் குளத்தின் படிக்கட்டுகள் வெளிப்பட்டன. யோவான் 9 முழுவதையும் அங்கே ஒரு வாலிபனை வாசிக்கச் சொல்லுங்கள், உங்கள் பேச்சு ஐந்து நிமிடம் போதும். பணம் கட்டுமுன்பே கடைகளுக்கு எவ்வளவு நேரம், இந்த இடங்களுக்கு எவ்வளவு நேரம் என்று பயண நிரலில் எழுதி வாங்கிவிடுங்கள்.