சிஹிரோவின் குழந்தைகளும் ஹிரோஷிமாவின் உடைகளும்

அன்புள்ள சார்,

வணக்கம். ஜப்பானிய ஓவியர் சிஹிரோ இவாசாகி எனக்கு டோட்டோ-சான் வழியாகத்தான் அறிமுகம். அந்தப் புத்தகத்தில் வரும் சிறுமியின் முகம் யாருக்கும் மறக்காது. போன மாதம் ஒரு தோழி, 2018-இல் சிஹிரோவின் நூற்றாண்டுக்காக ஜப்பானில் நடந்த 'லைஃப்' என்ற கண்காட்சி வரிசையின் படங்களைக் காட்டினாள். இன்றைய கலைஞர்கள் பலர் சிஹிரோவின் வாழ்க்கையையும் ஓவியங்களையும் வைத்துத் தாங்கள் ஒன்று செய்து, அதை அவருடைய ஓவியங்களோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு ஏமாற்றம்தான் சார். அதிலும் ஹிரோஷிமாவில் இறந்துபோனவர்களின் உடைகளைப் படமெடுத்து, அந்தப் பூப்போன்ற குழந்தைகளுக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பது மனதை என்னவோ செய்தது. இது அந்த அம்மாவின் பெயரில் மற்றவர்கள் சவாரி செய்வது இல்லையா? எங்கள் ஊர் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளை வைத்து சிஹிரோவைப் பற்றி ஒரு சின்னக் கண்காட்சி செய்யலாம் என்று ஆசைப்பட்டேன். இப்போது தயக்கமாக இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்,

பிரியமான ஓவியர் ஒருவர் இறந்து நாற்பது வருடம் ஆனபின் அவர் பெயரில் பத்துப் பேர் சேர்ந்து கண்காட்சி வைக்கிறார்கள் என்றால் எனக்கும் முதலில் சந்தேகம்தான் வரும். பெரும்பாலும் அது நினைவுப் பொருள் கடையில் போய்த்தான் முடியும். ஆனால் நீங்கள் குறை சொல்லும் அந்த ஹிரோஷிமா பகுதிதான் அந்த வரிசையிலேயே சிஹிரோவுக்கு மிக நெருக்கமானது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் டோட்டோ-சானில் பார்த்த ஓவியங்கள் எதுவும் அந்தப் புத்தகத்துக்காக வரையப்பட்டவை இல்லை. சிஹிரோ 1974 ஆகஸ்டில், ஈரல் புற்றுநோயால், 55 வயதில் போய்விட்டார். புத்தகம் வந்தது 1981-இல். குரோயானாகி டெட்சுகோ, சிஹிரோ விட்டுச்சென்ற ஓவியங்களிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்துத் தன் கதையோடு சேர்த்துக்கொண்டார். நீங்கள் சிஹிரோவைச் சந்தித்ததே ஒரு கூட்டு வேலையில்தான், அதுவும் அவர் இறந்து ஏழு வருடத்துக்குப் பிறகு செய்த கூட்டு. அது உங்களை உறுத்தவில்லை, ஏனென்றால் அது இனிமையாக இருந்தது. இவர்கள் செய்தது இனிமையாக இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றுகிறது.

சிஹிரோவுக்கு நேர்ந்த அநியாயமே இந்த இனிமைதான். காலண்டர், வாழ்த்து அட்டை, கைக்குட்டை என்று எதில் போட்டாலும் அழகாக இருக்கும் ஓவியங்கள். ஆனால் வரைந்த கை எப்படிப்பட்டது? 1918-இல் ஃபுகுய் மாகாணத்தில் பிறந்து டோக்கியோவில் வளர்ந்தவர். அப்பா ராணுவத்தின் கட்டுமானப் பிரிவில் பொறியாளர். அம்மா ஆசிரியை, பிறகு அப்போது ஜப்பானின் பிடியில் இருந்த மஞ்சூரியாவில் குடியேறிய ஜப்பானியர்களுக்கு மணப்பெண்களை அனுப்பிவைக்கும் வேலையில் ஈடுபட்டவர். சிஹிரோ 1939-இல் விருப்பமில்லாமல் ஒருவரைக் கட்டிக்கொண்டு அவரோடு சீனாவின் டாலியன் நகரத்துக்குப் போனார், 1941-இல் அந்தக் கணவர் தற்கொலை செய்துகொண்டார். 1945 மே மாதக் குண்டுவீச்சில் டோக்கியோ வீடு எரிந்தது. போர் முடிந்ததும் பெற்றோர் இருவருமே போருக்குத் துணைபோனவர்கள் என்று அரசுப் பதவிகளிலிருந்து விலக்கப்பட்டு, நாகானோ பக்கம் மட்சுகாவா கிராமத்தில் நிலத்தைக் கொத்திப் பிழைத்தார்கள். தன் வீட்டுச் சோறு எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 1946-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், தனியாக டோக்கியோ வந்து ஒரு பத்திரிகையில் நிருபராக வேலை பார்த்தார், அப்புறம் மாருகி இரி, தோஷி தம்பதியிடம் கோட்டோவியம் கற்றுக்கொண்டார். பின்னால் ஹிரோஷிமா அழிவைப் பெரிய பெரிய மடிப்புத் திரைகளில் தீட்டினார்களே, அதே தம்பதிதான்.

இப்போது 1967-க்கு வருவோம். அணுகுண்டில் பிழைத்த சிறுவர்கள் எழுதியவற்றைத் தொகுத்த புத்தகத்துக்கு சிஹிரோ படம் வரைந்தார். அதற்காக ஹிரோஷிமா போனவருக்கு, விடுதியில் படுத்தால், இந்தத் தரைக்குக் கீழேயும் பிள்ளைகள் செத்துக் கிடந்திருப்பார்களே என்ற நினைப்பில் தூக்கமே வரவில்லை. ஆனால் புத்தகத்தில் ஒரு காயம், ஒரு தீக்கொப்புளம்கூடக் கிடையாது. சும்மா நிற்கிற, உட்கார்ந்திருக்கிற, நம்மைப் பார்க்கிற குழந்தைகள்தான். பக்கத்தில் உள்ள வரிகளைப் படித்துவிட்டு அந்த முகத்தைத் திரும்பப் பார்க்க நம்மால் முடியாது.

உங்களை உறுத்திய அந்தப் படங்களை எடுத்தவர் இஷியுச்சி மியாகோ. அவர் புகைப்படமெடுத்தது ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் உடைகளை. 2007-இலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரும் கோரத்தைத் தேடிப் போகவில்லை. வண்ணத்தில், வெளிச்சம் துணியை ஊடுருவி வருகிற மாதிரி எடுக்கிறார். பூப்போட்ட கவுன், பொத்தான், யாரோ ஒரு அம்மா கையால் போட்ட தையல் இதெல்லாம்தான் முதலில் கண்ணில் படுகின்றன, கிழிசலும் கறையும் அப்புறம்தான். சிஹிரோவிடம் குழந்தை இருக்கிறது, அதற்கு நேர்ந்தது படத்தில் இல்லை. இஷியுச்சியிடம் நேர்ந்தது இருக்கிறது, உடைக்குள் ஆள் இல்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் பார்ப்பவர் மனதில் எது எதோடு போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மனதை என்னவோ செய்தது என்று எழுதியிருக்கிறீர்களே, சிஹிரோ அந்தப் புத்தகத்தில் செய்ய நினைத்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

1973-இல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, போர்த்தீயில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி அவர் ஒரு படப்புத்தகம் செய்தார். உடம்பு ஏற்கெனவே கெட ஆரம்பித்திருந்தது. உலகத்தில் எந்தக் குழந்தையானாலும் கண்ணும் உதடும் மனசும் ஒன்றுதான், அதனால் போர்க்களத்துக்குப் போகாமலே அங்கே பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று தனக்குத் தெரியும் என்ற பொருளில் எழுதினார். அவர் உயிரோடு இருக்கும்போது செய்து முடித்த கடைசிப் புத்தகம் அது. பூங்கொத்து ஓவியர் என்று அவரைச் சொல்கிறவர்கள் அதை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

மற்ற பகுதிகள் எல்லாமே இந்த அளவுக்கு வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். உடை வடிவமைப்புக் குழு ஒன்று செய்தது, கட்டடக் கலைஞர்கள் குழந்தைகள் அறை என்று செய்தது இவையெல்லாம் பார்க்க அழகு, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிளாப்பிளாக்ஸ் குழுவின் விளையாட்டுப் பகுதி பரவாயில்லை, பிள்ளைகளைச் சும்மா பார்க்க வைக்காமல் ஓடி ஆட விடுகிறது. நகாஷிமா யூரியே என்ற புகைப்படக் கலைஞர் எடுத்துக்கொண்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. படைப்பாளியாகவும் தாயாகவும் ஒரே ஆள் இருப்பது எப்படி? சிஹிரோ 1950-இல் தன்னைவிட ஏழெட்டு வயது இளைய மட்சுமோட்டோ ஜென்மெய்யை மறுமணம் செய்துகொண்டார், அடுத்த வருடம் மகன் பிறந்தான், கணவர் வக்கீலுக்குப் படித்துக்கொண்டிருந்தார், வீடு நடந்தது சிஹிரோவின் தூரிகையில். கைக்குழந்தையை மட்சுகாவாவில் பெற்றோரிடம் விட்டுவிட்டு டோக்கியோவில் வரைந்தார், முடிந்தபோதெல்லாம் ரயிலேறிப் போய்ப் பிள்ளையைப் பார்த்து, அங்கேயும் அவனை வரைந்தார். பத்து மாதக் குழந்தைக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் கோட்டில் காட்டினார் என்று புகழ்வார்கள் இல்லையா, அந்தப் பார்வைக்குள் இந்தப் பிரிவும் இருக்கிறது.

சரி, உங்கள் நூலகத்துக்கு வருகிறேன். தயங்காமல் செய்யுங்கள். ஆனால் தயவுசெய்து அந்தச் சிறுமியைப் பார்த்து வரையச் சொல்லாதீர்கள். நாற்பது சுமாரான சிஹிரோக்கள் சுவரில் தொங்கும், பெற்றோர்கள் செல்ஃபி எடுப்பார்கள், பிள்ளைகள் தங்கள் படம் ஒட்டவில்லை என்று அழுவார்கள். அதற்குப் பதிலாகத் தாளை நனைத்துக் கொடுங்கள். சிஹிரோ தூரிகையால் எழுத்து தீட்டும் ஜப்பானியக் கலையைப் பயின்றவர், தூரிகையில் நீர் எவ்வளவு, தாள் எவ்வளவு உறிஞ்சும் என்பது அவருக்குக் கைப்பழக்கம், பல ஓவியங்களில் எல்லைக்கோடே இருக்காது, நிறம் ஊறிப் போய் நிற்கிற இடம்தான் கன்னம். அதைப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கட்டும், தம்பியையோ தங்கையையோ எதிரில் உட்கார வைத்து. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போர்ப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லுங்கள், தாங்குவார்கள்.

இன்னொன்று. அவருடைய ஓவியங்களை இணையத்திலிருந்து எடுத்து ஃபிளெக்ஸ் அடித்துவிடாதீர்கள். ஓவியரின் உரிமைக்காகப் பதிப்பகங்களோடு மல்லுக்கு நின்றவர் அவர், அச்சானதும் அசல்களைக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வார். அப்படி வாங்கி வைத்ததால்தான் இன்று சுமார் 9,500 ஓவியங்கள் மிஞ்சியிருக்கின்றன, 1977-இல் அவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்திலேயே ஓர் அருங்காட்சியகமும் எழுந்தது. அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு அனுமதி கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் டோட்டோ-சான் புத்தகத்தையே மேசையில் விரித்து வையுங்கள், போதும்.