விடுமுறைப் பயணத்தில் பாட்டியின் இடம்: வாசகர் கேள்வி – பதில்

தொடர் விடுமுறைக்கு மூன்று தலைமுறையும் சேர்ந்து வெளியூர் கிளம்பும் குடும்பங்களிலிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, சுருக்கமாக அல்லாமல் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 67. இரண்டு மகன்கள், ஒரு மகள், ஐந்து பேரக்குழந்தைகள். சென்ற ஆண்டு விடுமுறையில் எல்லோரும் ஒரு விடுதியில் சேர்ந்து தங்கினோம். “அம்மா, நீங்க ரூம்லயே ஓய்வா இருங்க, நாங்க பக்கத்துல போயிட்டு வந்துடறோம்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள். கடைக்குட்டி ஒரு காலில் செருப்போடு என் மடியில் தூங்கிப்போவான். மற்ற நான்கு பேரும் கட்டிலுக்குக் கட்டில் தாவிக்கொண்டிருப்பார்கள். அசையவும் முடியாமல் அதட்டவும் முடியாமல் நான் உட்கார்ந்திருப்பேன். இந்த ஆண்டும் அழைக்கிறார்கள். போக ஆசைதான். ஆனால் மனதில் இருப்பதைச் சொன்னால், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: சொல்லுங்கள் அம்மா. தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் விடுதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, களைப்பும் வருத்தமும் சேர்ந்திருக்கும் நேரத்தில் சொல்லாமல், அறை பதிவு செய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பதிவான பிறகு சொல்லப்படும் எந்த விருப்பமும் குறைகூறலாகவே கேட்பவர் காதில் விழும். திட்டமிடும் நேரத்தில் சொன்னால் அதுவும் திட்டத்தில் ஒரு பகுதியாகிவிடும். மூன்று பிள்ளைகளில் யாராவது ஒருவரிடம் மட்டும் சொல்லி, அவர் மற்ற இருவருக்கும் எடுத்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட வேண்டாம். வாய்மாறி வரும் செய்தி, போய்ச் சேரும்போது வேறு நிறத்தில் இருக்கும்.

எதைச் செய்ய முடியாது என்று தொடங்குவதைவிட, எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று தொடங்குவது நல்லது. “ஒரு நாள் சாயங்காலம் குழந்தைகளை நான் பார்த்துக்கறேன், நீங்க எல்லாரும் நிம்மதியா போயிட்டு வாங்க. மத்த நேரமெல்லாம் நானும் உங்களோட வெளியே வரணும்” என்று சொன்னால், அதில் பாசமும் இருக்கிறது, வரம்பும் இருக்கிறது. எந்த மாலை, எத்தனை மணி வரை, ஐந்து பேருமா அல்லது பெரிய பிள்ளைகள் பெற்றோருடன் போய்விடுவார்களா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

உங்கள் தயக்கத்துக்குக் காரணமான அந்த எண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது வயதானவர்களுக்கு நல்லதுதான், ஆனால் அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. மெல்பர்னில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்தில் ஒரு நாள் பேரக்குழந்தைகளைக் கவனித்துக்கொண்டவர்கள் நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள்; ஐந்து நாளோ அதற்கு மேலோ கவனித்துக்கொண்டவர்கள் ஒரு சோதனையில் பின்தங்கியிருந்தார்கள். அது சிறிய ஆய்வுதான், எது காரணம் எது விளைவு என்பதை அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் அனுபவத்தில் நாம் காண்பதோடு அது ஒத்துப்போகிறது: விரும்பி ஏற்ற பொறுப்பு உற்சாகத்தைத் தருகிறது, கேட்காமலே தலையில் வந்து விழுந்த பொறுப்பு ஆளைச் சோர்த்துவிடுகிறது.

இனி எழுதுவது உங்கள் பிள்ளைகளும் படிக்க வேண்டியது. ஐந்து குழந்தைகளை 67 வயதுள்ள ஒருவரிடம் தனியாக விட்டுச் செல்வது அவருக்குச் சிரமம் என்பதோடு முடிந்துவிடுவதில்லை. குழந்தைகளுக்கும் அது ஆபத்து. விடுதியில் நீச்சல் குளமோ, அருகில் ஆறோ கடலோ இருந்தால் இதை மிகவும் கண்டிப்பாகவே சொல்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை வீசி உதவி கேட்பதுமில்லை. சத்தமில்லாமல், ஓரிரு நிமிடங்களுக்குள் எல்லாம் நடந்துவிடுகிறது. பெரிய குடும்பமாகப் போகும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் கரையில் இருப்பார்கள், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள், கடைசியில் யாருடைய கண்ணும் தண்ணீரில் இருக்காது. எனவே குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போதெல்லாம், இந்த அரை மணி நேரம் இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. சின்னக் குழந்தை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீந்தத் தெரியாத, சட்டென்று குனிந்து எழ முடியாத பாட்டியிடம் அந்தப் பொறுப்பை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

அறை விஷயத்திலும் உங்கள் விருப்பத்தை முன்பே சொல்லிவிடுங்கள், அம்மா. பேரக்குழந்தைகள் பாட்டியோடுதான் படுப்போம் என்று அடம் பிடிப்பது இனிமையானதுதான். ஆனால் வயதாக ஆக நமக்குத் தூக்கம் சீக்கிரம் வருகிறது, விழிப்பும் சீக்கிரம் வந்துவிடுகிறது. அதோடு புது இடத்தில் முதல் இரவு யாருக்குமே உறக்கம் சரியாக அமைவதில்லை. மூளையின் ஒரு பாதி அந்த முதல் இரவில் மற்றப் பாதியைவிட விழிப்பாக இருப்பதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே முதல் இரவு தனியாக, அமைதியாகத் தூங்குங்கள். மறுநாள் இரவு கதை கேட்க யார் வர வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 72 வயது. நீரிழிவு, ரத்த அழுத்தம், முழங்கால் வலி மூன்றும் உண்டு. காரில் ஆறு மணி நேரப் பயணம். வழியில் அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, கிளம்பும் நாளில் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையையும் அன்று விட்டுவிடுகிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் தாயார் செய்வதைப் பெண்கள் பலரும் செய்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக வெளியேற்றுபவை. அதனால்தான் பயண நாளில் அதை விட்டுவிடத் தோன்றுகிறது. ஆனால் மாத்திரையை விட்டால் அழுத்தம் ஏறும், தண்ணீரை விட்டால் உடல் வறண்டு தலைசுற்றல் வரும். வெயிலில் இறங்கி நடக்கும்போது விழுந்துவிடவும் கூடும். மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்புவதற்கு முன்பே அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அவர் சொல்லாமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

வெட்கத்துக்கு மருந்து உங்கள் கையில்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி கட்டாயம் நிற்கும் என்பதைப் புறப்படும்போதே எல்லோருக்குமான ஏற்பாடாக அறிவித்துவிடுங்கள். “அம்மாவுக்காக நிறுத்துகிறோம்” என்று சொல்லவே வேண்டாம். குழந்தைகளுக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் அந்த ஓய்வு அதே அளவுக்குத் தேவை. நிற்கும் இடத்தில் சுத்தமான கழிப்பறை இருக்கிறதா, குந்தி உட்கார வேண்டியிராத மேற்கத்திய பாணி கழிப்பறையா என்பதை முன்கூட்டியே விசாரித்து வைப்பது, முழங்கால் வலி உள்ளவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி.

அப்படி இறங்கி நடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார், பேருந்து, ரயில், விமானம் எதுவாக இருந்தாலும், நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ஆழ்ந்த ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு முடிவு கூறுகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகவும் குறைவு என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே ரத்தக் கட்டி வந்திருந்தாலோ, அண்மையில் அறுவைச் சிகிச்சையோ புற்றுநோய்ச் சிகிச்சையோ நடந்திருந்தாலோ டாக்டரின் ஆலோசனை இல்லாமல் நீண்ட பயணம் கூடாது. மற்றவர்கள் உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும், பாதத்தை மேலும் கீழுமாக அசைப்பதும் போதும். பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால் அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். பயன்பாட்டில் இருப்பதைப் பெரும்பாலும் நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், ஒவ்வொரு வகைக்கும் அது மாறுபடும் என்பதால் கூடவே வரும் தாளைப் படித்துப் பாருங்கள். மூடிய காருக்குள், அதுவும் வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில், சிறிது நேரம் கிடந்தாலே அது கெட்டுவிடக்கூடும். அதற்குப் பயந்து பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைத்துவிடுவதும் தவறு. ஒருமுறை உறைந்துபோன இன்சுலினைப் பிறகு பயன்படுத்தவே கூடாது. ஈரத்துணியோ சிறு துண்டோ சுற்றி, பனிப்பையைத் தொடாதபடி வைத்து, தாயாரின் கைப்பையிலேயே இருக்கட்டும். ஊர் சுற்றும் நாளில் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவது வழக்கம். அப்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தெரிந்தால் 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள். மாத்திரைகளைப் பயண நாள்களுக்கு வேண்டியதைவிட இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். பெயரும் அளவும் எழுதிய சீட்டு ஒன்று தாயாரிடமும் இன்னொன்று உங்களிடமும் இருக்க வேண்டும்.

விடுதியில் தரைத்தள அறையைக் கேளுங்கள். அதைவிட முக்கியமானது கழிவறைக்குப் போகும் வழி. வீட்டில் இருட்டிலும் கால் தானாக நடந்துவிடும், புது அறையில் அப்படி இல்லை. சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது, வாசற்படி உயரமா, குளியலறைத் தரை வழுக்குகிறதா என்பதை வந்திறங்கிய பகலிலேயே தாயாரை ஒருமுறை நடக்கவைத்துப் பழக்கிவிடுங்கள். அந்த வழியில் சிறு விளக்கு ஒன்று இரவு முழுவதும் எரியட்டும். பெட்டிகளும் சார்ஜர் ஒயர்களும் அங்கே கிடக்க வேண்டாம்.

கேள்வி: பயணச் செலவு முழுவதையும் தானே ஏற்பதாக என் அம்மா பிடிவாதம் பிடிக்கிறார். அது அவருடைய சேமிப்பு. அண்ணனுக்கு வசதி உண்டு, எனக்கு அவ்வளவு இல்லை. வாங்கிக்கொள்வதா, மறுப்பதா?

பதில்: முழுவதையும் வாங்கிக்கொள்ளவும் வேண்டாம், முழுவதையும் மறுக்கவும் வேண்டாம். கொடுக்க நினைப்பவரின் கையைத் தட்டிவிட்டால் அவர் மனம் நோகும். மருத்துவத்துக்கு என்று வைத்திருக்கும் பணத்தில் கை வைக்காமல், தங்கும் அறையின் வாடகை என்றோ, ஒரு வேளை விருந்து என்றோ ஒரு செலவை மட்டும் அவர் பெயருக்கு விட்டுவிடுங்கள். மீதியை நீங்களும் உங்கள் அண்ணனும் தனியாகப் பேசி, அவரவர் சக்திக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளுங்கள். சமமாகத்தான் பிரிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்தப் பேச்சு தாயாரின் முன்னிலையிலோ குழந்தைகள் காதில் விழும்படியோ நடக்க வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பாட்டியோடு பயணம் என்றதும், “பாட்டி சொன்ன கதையையே சொல்லுவாங்க, நான் வரல” என்கிறான். கட்டாயப்படுத்தி அழைத்துப்போவது சரியா?

பதில்: அழைத்துப் போங்கள், ஆனால் அவனுக்கும் அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற உளவியலாளர்கள் குழந்தைகளிடம் இருபது கேள்விகள் கேட்டார்கள். பாட்டியும் தாத்தாவும் எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் நேர்ந்த பெரிய கஷ்டம் எது என்பவை போன்ற கேள்விகள் அவை. பதில் தெரிந்திருந்த குழந்தைகளிடம் தன்மதிப்பும், தங்கள் வாழ்க்கை தங்கள் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. வெறும் பதில்களை மனப்பாடம் செய்வித்தால் இது வந்துவிடாது. அந்தக் கதைகள் சாவகாசமாகச் சொல்லப்படும் சூழல் வீட்டில் இருப்பதுதான் இதற்கு வேர் என்று அவர்களே விளக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட சாவகாசம் அன்றாட வீட்டில் இப்போது அரிது. விடுமுறைப் பயணத்தில்தான் அது வாய்க்கிறது.

பாட்டி சொன்ன கதையையே திரும்பச் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம், அவரிடம் யாரும் வேறு கேள்வி கேட்காததுதான். உங்கள் மகன் தன் கைப்பேசியில் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்யட்டும். அவருக்கு 15 வயதில் எதன்மேல் ஆசை, யாரிடம் பயம், வீட்டில் எதை மறைத்தார், எதற்காக அடி வாங்கினார் என்று கேட்கட்டும். அவன் இதுவரை கேட்டிராத ஒரு பெண் அந்தப் பதில்களில் வெளிப்படுவாள். பதிவைத் தொடங்கும் முன் பாட்டியின் சம்மதத்தைக் கேட்க வேண்டும், அதை யாருக்கு அனுப்பலாம் என்பதையும் அவரே சொல்ல வேண்டும் என்பதை மட்டும் மகனுக்கு அழுத்தமாகச் சொல்லிவையுங்கள். நாளில் அரை மணி நேரம் இதற்குப் போதும். மீதி நேரத்தில் அவன் தன் வயதுப் பிள்ளைகளோடு இருக்கட்டும், தனியாகவும் இருக்கட்டும், அதைக் குற்றமாக யாரும் சொல்லிக் காட்ட வேண்டாம்.